ஒரு சார்ஜுக்குப் பதினாலு தடவை

வியாழக்கிழமை தராசில் ஏறும்போது நூறு பவுண்டுக்கு, அதாவது நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே காட்டினால், மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய். டாக்டரம்மா இதைச் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். அமெரிக்காவில் எதையும் சிரித்த முகத்தோடுதான் சொல்வார்கள். அது மட்டுமில்லை, எடை தேறும் வரைக்கும் கீமோவையும் தள்ளிப் போடுவார்களாம். பன்னிரண்டு ரவுண்டில் ஐந்து முடிந்திருக்கிறது. நடுவில் நிறுத்தினால் பெருங்குடலில் மிச்சம் மீதி ஒளிந்திருப்பது சும்மா இருக்குமா? தாமரைச்செல்விக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் நூற்றொரு பவுண்டு. அதாவது ஒரு வாந்திக்கும் அடுத்த வாந்திக்கும் நடுவே ஊசலாடுகிற எடை.

கொடுமை என்னவென்றால், கலிபோர்னியா மில்பிடாஸில் பாதித் தமிழ்க் குடும்பங்களுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்தவள் அவள். தாராபுரத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷம். வாரம் நாற்பது வீட்டுக்கு மாவு, பிறந்தநாள் என்றால் அரிசிம்பருப்புச் சாதம், தட்டுவடை. அப்படிப்பட்டவளுக்கு இப்போது எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம் கேட்டாலே குடலைப் பிரட்டுகிறது. வாந்திக்கு மாத்திரை மூன்று மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. அப்புறம்தான் டாக்டரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, கஞ்சா முயற்சி பண்ணிப் பார்க்கிறீர்களா, சிலருக்குப் பசி எடுக்கிறது, என்று கேட்டார்.

அவள் கணவர் சேனாபதிக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் முகம் செத்துப்போனது. ஆலன் நகரில் இருக்கிற மகள் யாமினிதான் போனில் பிடித்த பிடியை விடவில்லை. "அப்பா, இட்ஸ் மெடிசின். இங்க டெக்ஸாஸ்ல வச்சிருந்தா போலீஸ் வரும். உங்க ஊர்ல கடை போட்டு விக்கறாங்க. ஜஸ்ட் கோ அண்ட் கெட் இட்." புகை பிடிப்பது கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், இலையைக் கொளுத்தாமல் சூடு மட்டும் பண்ணி ஆவியை இழுக்கிற வேப்பரைசர் வாங்குவது என்று முடிவானது.

வாங்கும் பொறுப்பை சேனாபதி எடுத்துக்கொண்டார். எடுக்காமல் இருப்பாரா? மனுஷனுக்கு ஆபீஸில் வேலையே பேட்டரி டெஸ்ட் பண்ணுவதுதான். வீட்டில் எந்த போனும் எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஆகாது, இருபதுக்குக் கீழே இறங்காது. இறங்கினால் அன்றைக்கு வீட்டில் பாடம் நடக்கும். மூன்று நாள் ரிவ்யூ படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கையடக்க டார்ச் லைட் அளவு. உள்ளே குட்டிக் கிண்ணத்தில் பொடித்த இலையை நிரப்பி, பட்டனை அழுத்தி, விளக்கு எரிந்ததும் இழுக்க வேண்டும்.

முதல் நாள், ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடைக்காரப் பெண் செட் பண்ணிக் கொடுத்தபடியே இழுத்தாள். நீல விளக்கு. நாலு இழுப்பு. இருபது நிமிஷம் கழித்து வயிற்றில் ஏதோ ஒன்று அசைந்தது. என்னவென்று அவளுக்கே முதலில் புரியவில்லை. பசி. இரண்டு மாசமாக மறந்தே போயிருந்த பசி. மூன்று இட்லியும் ஒரு கிண்ணம் கொள்ளு ரசமும் உள்ளே போய், போனது போன இடத்திலேயே இருந்தது.

அன்று சாயந்தரம் அனந்தராமனும் காமாக்ஷியும் வந்தார்கள். லிவர்மோர் கோயிலில் பழக்கமானவர்கள்; கோயில் கமிட்டியில் சேனாபதியும் அனந்தராமனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. காமாக்ஷி, கோயில் வாசலில் தன் புதுச் செருப்பை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு கால் ஏழாம் நம்பர், ஒரு கால் ஒன்பதாம் நம்பர் மிஞ்சியதாம். தாமரைச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர, சோபாவில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காமாக்ஷி ஒரு மாதிரி பார்த்தாள். சேனாபதி கார்ப்பெட்டைப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து பச்சை விளக்கு. "என்னங்க, நேத்து நீலமா இருந்துச்சே?" என்று கேட்டாள். "சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருக்கு. இனிமே பச்சை வந்தா ரெடின்னு அர்த்தம்," என்றார். அவரை விட்டால் வீட்டில் வேறு யாருக்கு அதெல்லாம் தெரியும்? நம்பினாள். தினம் இரண்டு வேளை பச்சை விளக்கைப் பார்த்து இழுத்தாள். லேசாகத் துளசி வாசம் மாதிரி ஏதோ வந்தது. பசி மட்டும் வரவில்லை. நூற்றெட்டு நூற்றைந்தானது, நூற்றைந்து நூற்றொன்றானது. டாக்டரம்மா கம்ப்யூட்டரில் 'கஞ்சா: பலன் இல்லை' என்று எழுதிக்கொண்டார். "உடம்பு பழகிப்போச்சு போல," என்று சேனாபதி வருத்தப்பட்டுக்கொண்டார். வருத்தப்பட்டுக்கொண்டே இன்னொரு விஷயத்துக்குப் பெருமையும் பட்டுக்கொண்டார். "பாத்தியா தாமரை, டப்பாவுல ஒரு சார்ஜுக்கு எட்டு தடவைன்னுதான் போட்டிருக்கான். நம்மளுது பதினாலு தடவை வருது. ஒரு வாரம் ஓடுது."

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, குடித்த இரண்டு கரண்டி கஞ்சியும் திரும்பி வந்தபோது, அவளுக்கு எல்லாவற்றின் மேலும் ஆத்திரம் வந்தது. கஞ்சி மேல், பாத்ரூம் டைல்ஸ் மேல், முக்கியமாக அந்த உபயோகமில்லாத டார்ச் லைட் மேல். திருப்பிக் கொடுத்துத் தலைமுழுகிவிடலாம் என்று டப்பாவைத் தேடி எடுத்து, அதிலிருந்த நம்பருக்கு போன் பண்ணினாள்.

எடுத்தவள் பொறுமைசாலி. என்ன பிரச்சினை என்றாள்.

"இது வேலை செய்யல. ஒரு நாள் வேலை செஞ்சது. அப்புறம் செய்யல."

"சூடு ஆகிறதா? விளக்கு வருகிறதா?"

"வருது. பச்சை."

"ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை தடவை பயன்படுத்த முடிகிறது?"

"பதினாலு," என்றாள் தாமரைச்செல்வி, சேனாபதி சொன்ன அதே பெருமையோடு.

"மேடம், பதினாலு யாருக்கும் வராது. மூன்று செட்டிங் இருக்கிறது. பச்சை இருப்பதிலேயே கம்மி. நூற்று அறுபத்தைந்து டிகிரி. வாசனை பார்க்கிறவர்கள் வைத்துக்கொள்வது. அதோடு எக்கோ மோடும் போட்டிருந்தால்தான் பதினாலு வரும். அதில் இலை சூடாவதற்குள்ளேயே தானாக ஆஃப் ஆகிவிடும். நீங்கள் இழுப்பது கிட்டத்தட்ட வெறும் காற்று. நீலம் நூற்றுத் தொண்ணூறு. அதற்குத்தான் எட்டு தடவை. பட்டனை மூன்று முறை அழுத்துங்கள், மாறும்."

அழுத்தினாள். பச்சை மூன்று முறை மினுக்கிவிட்டுப் பச்சையாகவே நின்றது.

"மினுக்குகிறதா? அப்படியென்றால் ஆப்பில் லாக் பண்ணியிருக்கிறார்கள். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் பண்ணுவார்கள். உங்கள் வீட்டில் யாராவது போனில் ஆப் வைத்திருக்கிறார்களா?"

தாமரைச்செல்வி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அப்டேட்டாம். உடம்பு பழகிப்போச்சாம். கேளுங்கள் இந்த அநியாயத்தை! பெண்டாட்டி எலும்பும் தோலுமாக ஆகிக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவி விட்டுக்கொண்டே, அவளுக்கு நாலு வாரமாக வெறும் காற்றைக் கொடுத்திருக்கிறார். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் கல்லில் தோசை வேகவில்லை என்று மாவைக் குறை சொன்ன கதை. அதுவும் யாரிடம்? மாவரைத்துப் பிழைத்தவளிடம்.

இரண்டு பட்டனையும் சேர்த்துப் பதினைந்து விநாடி அழுத்தினால் லாக் போய்விடும் என்றாள் போனில் இருந்தவள். அழுத்தினாள். விளக்கு அணைந்து, திரும்பி வந்தது. நீலம்.

நாலு இழுப்பு. இந்தத் தடவை நெஞ்சு வரைக்கும் கனமாக இறங்கியது. இருபது நிமிஷம் காத்திருந்தாள். ஃப்ரிட்ஜில் நேற்றுக் கடைந்த பச்சைப்பயிறு இருந்தது. சூடு பண்ணிச் சோற்றில் போட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். இறங்கியது. இன்னொரு வாய். தட்டு காலியானது. அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வேலை செய்கிறது. நாலு வாரமும் வேலை செய்திருக்கும். தட்டில் விரலை வழித்துக்கொண்டு அழுதாள், அழுகை முழுக்க ஆத்திரம்.

சேனாபதி ஐந்தரைக்கு வந்தார். லஞ்ச் பையைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு, "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்றார். டைனிங் டேபிளில் டார்ச் லைட் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சாவிக்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அப்டேட் போயிடுச்சுங்க," என்றாள் தாமரைச்செல்வி.

"நான் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? எனக்குக் காரியம் பண்ணினதுக்கப்புறமா?"

"அப்படிப் பேசாத தாமரை. ஹை ஹீட்ல ஓட்டினா பேட்டரி செல் சீக்கிரம் டீகிரேட் ஆகும். முந்நூறு சார்ஜ் சைக்கிள்ல கெப்பாசிட்டி இறங்கிடும். லோ பவர்ல வச்சா ரெண்டு வருஷம் தாராளமா வரும். நான் ஆப்டிமைஸ் பண்ணிட்டிருந்தேன்."

"ரெண்டு வருஷம் அது இருக்கும். நான் இருப்பேனா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேட்டரி போனா வேற பேட்டரி. அதுவும் போனா வேற மெஷின். நூத்தி எட்டு பவுண்டு இருந்தேன். ஏழு பவுண்டு போயிருக்கு. அந்த ஏழு பவுண்டை எங்க போயி ஆர்டர் பண்ணப் போறீங்க?"

"தப்புதான். நீல லைட்லயே வச்சுக்கோ. முடிஞ்சது."

முடிந்ததாம்! ஆபீஸ் மீட்டிங்கில் சொல்கிற மாதிரி. ஆனால் தாமரைச்செல்விக்கு ஒன்று இடித்தது. இருபத்தேழு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறாள். இந்த மனுஷன் சிக்கனக்காரர்தான், பேட்டரிப் பைத்தியம்தான். ஆனால் பேட்டரிக்காக லாக் போட மாட்டார். போடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் லெக்சர் கொடுத்துவிட்டு, போட்டதைப் பெருமையாகக் காட்டுவார். இது திருட்டுத்தனமாகப் போட்ட லாக்.

"என்னிக்குப் போட்டீங்க?"

அவர் கொத்திலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அனந்தராமன் வந்துட்டுப் போன அன்னிக்கா?"

சேனாபதி சாவிக்கொத்தை டேபிளில் வைத்தார். "நீ சிரிச்ச சிரிப்பு உனக்குத் தெரியாது. நாலு பேர் முன்னாடி… காமாக்ஷி மேடம் கார்ல ஏறும்போது எங்கிட்டக் கேட்டாங்க, தாமரைக்கு என்ன குடுக்கறீங்கன்னு. நான் என்ன சொல்லட்டும்? கோயில் கமிட்டில இருக்கேன். என் பெண்டாட்டி கஞ்சா அடிச்சுட்டுச் சிரிக்கறான்னு சொல்லட்டுமா?"

ஆக, அதுதான். பேட்டரியுமில்லை, சைக்கிளுமில்லை. நாலு பேர். அவள் பட்டினி கிடந்தது நாலு பேருக்காக. அந்த நாலு பேரில் ஒருத்தராவது வந்து அவள் வாந்தியைத் துடைத்தார்களா? காமாக்ஷிக்குக் காணாமல் போன செருப்புக் கவலை.

"ஆமாங்க, கஞ்சா," என்றாள் அவள். சத்தம் ஜன்னல் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். "கஞ்சாதான். டாக்டர் எழுதிக் குடுத்த கஞ்சா. மூணு மாசத்துல ஒரே ஒரு நாள் நான் சிரிச்சேன். ஒரே ஒரு நாள் சாப்பிட்டேன். ரெண்டும் உங்களுக்கு மானக்கேடாப் போச்சு. வாந்தி எடுத்துட்டுச் சுருண்டு கெடந்தா கௌரவமா இருக்கு, இல்லீங்களா?"

"யாமினிகிட்ட இத சொல்லாத, ப்ளீஸ்."

அப்போதும் அந்தக் கவலைதான். தாமரைச்செல்வி எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புதன்கிழமை முழுக்க நாலு வேளை நீலத்தில் இழுத்தாள், நாலு வேளை சாப்பிட்டாள். தயிர்சாதம், முட்டை, வேர்க்கடலை, ராத்திரி ஒரு டம்ளர் பால் கூட. சேனாபதி லீவு போட்டுவிட்டு அவள் பின்னாலேயே நடந்தார். இந்தியன் ஸ்டோருக்குப் போய் அவளுக்குப் பிடித்த முறுக்கெல்லாம் வாங்கி வந்து டேபிளில் அடுக்கினார். அவள் முறுக்கைத் தின்றாள், அவரிடம் பேசவில்லை. ஆனால் நாலு வாரத்தில் கரைந்ததை இரண்டே நாளில் திரும்பப் பிடிக்க முடியுமா? உடம்பு அவள் அவசரத்துக்கு ஓடாது. உள்ளே போனதையெல்லாம் எரித்துவிட்டு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினாள். தொண்ணூற்றெட்டரை.

டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. இன்றைக்குக் கீமோ கிடையாது என்றார். மத்தியானமே குழாய் வைக்க ஆள் இருக்கிறார்கள், பயப்பட வேண்டாம் என்றார்.

"எனக்கு ஒரு வாரம் குடுங்க," என்றாள் தாமரைச்செல்வி தன் இங்கிலீஷில். "நான் சாப்பிடறேன். ரெண்டு நாளா சாப்பிடறேன்."

"நாலு வாரமாகச் சாப்பிட முடியாத நீங்கள் இந்த வாரம் மட்டும் எப்படிச் சாப்பிடுவீர்கள்? எனக்கு ஒரு காரணம் சொல்லுங்கள்."

நியாயமான கேள்வி. பதில் பக்கத்து நாற்காலியில், மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சேனாபதி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். வெளியாட்கள் முன்னால் என்னை விட்டுக் கொடுத்துவிடாதே என்கிற பார்வை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் விட்டுக் கொடுத்ததில்லை. அவர் வேலை போன ஆறு மாசமும், 'அவர் லீவுல இருக்காருங்க' என்று மாவு வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னவள். அவர் அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் அவர் போட்ட சண்டைக்குத் தன் தலைவலியைக் காரணம் சொன்னவள். இப்போதும் ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது: மெஷினில் கோளாறு இருந்தது, சரி பண்ணியாகிவிட்டது. சொன்னால் முடிந்தது. டாக்டரம்மா நம்புவாரா என்பது வேறு விஷயம். நம்பாவிட்டால் குழாய் அவள் மூக்கில்தான், அவர் மூக்கில் இல்லை.

"அவரைக் கேளுங்க," என்றாள். "நாலு வாரம் எனக்கு ஏன் மருந்து போகலைன்னு அவரைக் கேளுங்க."

டாக்டரம்மா திரும்பினார்.

சேனாபதி மடியிலிருந்த ஃபைலை நேராக்கினார். அப்புறம் ஆரம்பித்தார். செல் கெப்பாசிட்டி, லோ பவர் மோடு, ஹீட்டிங் டைம், சார்ஜ் சைக்கிள். ஆப்பில் லாக் போட்டதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. டாக்டரம்மா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"எனக்குப் பேட்டரி தெரியாது சார். ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அந்த செட்டிங்கில் இவருக்கு மருந்து போகவில்லை, அதனால்தான் சாப்பிட முடியவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சும்மா ஒரு வார்த்தை. முட்டாள்தனம் பண்ணிவிட்டேன், இவ்வளவு ஆகும் என்று நினைக்கவில்லை என்று சொல்லியிருந்தால், தாமரைச்செல்வி இவ்வளவு கோபத்திலும் நம்பியிருப்பாள். நம்பத்தான் அவள் இரண்டு நாளாக உள்ளுக்குள் காத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்," என்றார் சேனாபதி. "மொத வாரத்துலயே தெரியும்."

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் எதையோ அழித்து எதையோ எழுதினார். ஒரு வாரம் தருகிறேன், அடுத்த வியாழன் இதே நேரம், நூறு வந்தால் கீமோ, வராவிட்டால் குழாய், இனி அந்த மெஷினும் ஆப்பும் உங்கள் கையில் மட்டும்தான் இருக்க வேண்டும், என்று தாமரைச்செல்வியைப் பார்த்துச் சொன்னார். அவரைப் பார்க்கவில்லை.

சேனாபதி குனிந்து அவள் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தார். எழுந்திருக்க உதவி பண்ணக் கை நீட்டினார். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தாள். வெளியே நடைபாதையில், வருகிறவர் போகிறவர் முன்னாலேயே, மெஷினை எடுப்பதற்காகக் கைப்பையைத் திறந்தாள். ஆஸ்பத்திரிக்குள் கூடாது என்று ஞாபகம் வந்து மூடினாள்.

"பார்க்கிங் லாட்ல உக்காந்து நான் மருந்து எடுத்துக்கறேன்," என்றாள். "நீங்க போய்ச் சாப்பாடு வாங்கிட்டு வாங்க. நெறைய வாங்குங்க. காமாக்ஷிக்கு போன் பண்ணி நானே சொல்லிடறேன், எனக்கு நீங்க என்ன குடுத்தீங்கன்னு."